வாசகர் கேள்வி – பதில்: இல்லத்துப் பிள்ளைகளோடு இருப்பவர்கள்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகள் தங்கும் இல்லங்களில் அவர்களோடு இரவும் பகலும் இருந்து வளர்க்கும் வேலையைக் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித் தொழிலாகவே படித்துவிட்டுச் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டொரன்டோவில் 19 ஆண்டுகள் இல்லப் பணியாளராகவும், அதன்பின் அதே தொழிலைக் கல்லூரியில் கற்பிப்பவளாகவும் இருந்தவள் என்பதால், இம்மாதம் முழுப் பகுதியையும் இந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் மகள் ‘சைல்டு அண்ட் யூத் கேர்’ (குழந்தைகள், இளையோர் பராமரிப்பு) என்ற மூன்றாண்டு டிப்ளமோவில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். “ஆயா வேலைக்கா கனடா வந்தோம்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இதைவிட சோஷியல் வொர்க் படிப்பது நல்லதல்லவா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
— ஒரு தாய், ஸ்கார்பரோ

ஆயாவின் வேலை இதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கப்போவதில்லை. காலையில் எழுப்புவது, பல் தேய்க்கச் சொல்வது, பள்ளிப் பையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறதா என்று பார்ப்பது, இரவில் விளக்கை அணைத்த பிறகும் தூங்காமல் கிடப்பவனின் கட்டில் அருகே சற்று நேரம் உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த வேலைதான். அவை தாழ்ந்த வேலைகள் என்று நினைப்பதில்தான் உங்கள் உறவினர்கள் தவறுகிறார்கள். அடியும் புறக்கணிப்பும் கண்டு, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வந்த ஒரு குழந்தை, பெரியவர்களை மறுபடியும் நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலைகளின் நடுவேதான்.

1969-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ட்ரீஷ்மன், ஜேம்ஸ் விட்டேக்கர், லாரி பிரென்ட்ரோ ஆகிய மூவரும் சேர்ந்து இத்தொழிலுக்கென ஒரு நூல் எழுதினார்கள். அதன் பெயரே ‘மற்ற 23 மணி நேரம்’ என்பதுதான். உளவியல் நிபுணர் ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் சந்திக்கிறார் என்றால், மீதி 23 மணி நேரத்தில் அக்குழந்தையோடு இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. நீங்கள் கேட்ட வேறுபாட்டையும் இதைக்கொண்டே விளக்கலாம். நீதிமன்றம், குடும்பம், கோப்பு, ஏற்பாடுகள் ஆகியவற்றைச் சுமப்பவர் சமூகப் பணியாளர். பெரும்பாலும் நேரம் குறித்துக்கொண்டு சந்திப்பவர். இல்லப் பணியாளர் குழந்தை வாழும் இடத்திலேயே, அதாவது சமையலறையிலும் மாடிப்படியிலும் பேருந்து நிறுத்தத்திலும், வேலை செய்கிறார். இரண்டில் எதையும் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றைச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றொன்று தானாக வந்துவிடாது என்று மட்டும் சொல்வேன்.

என் இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஷிஃப்ட். 13 வயதுப் பெண் ஒருத்தி சாப்பிட வர மறுத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மணிக்கு எல்லாரும் மேசைக்கு வர வேண்டும் என்பது அந்த இல்லத்தின் விதி. நான் விதியைச் சொன்னேன்; இரண்டாம் முறை குரலை உயர்த்திச் சொன்னேன்; மூன்றாம் முறை சொல்லி முடிக்கும் முன் ஒரு தட்டு என் காலடியில் உடைந்தது. என்னோடு வேலையில் இருந்த மூத்த பணியாளர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் உரித்தார். பாதியைத் தான் தின்றார். மீதியைப் படியின் மேல் வைத்தார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணே சொன்னாள்: அன்று அவள் அம்மா தொலைபேசியில் பேச வேண்டிய நாள்; அழைப்பு வரவில்லை. எந்த நாளில் தாய் அழைப்பார் என்பது கோப்பில் எழுதியிருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்ததை அன்றைய மாலையோடு சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாண்டுப் படிப்பில் உங்கள் மகள் கற்கப்போவது இந்தச் சேர்த்துப் பார்த்தலைத்தான்.

செனெகா, ஹம்பர், ஜார்ஜ் பிரவுன், சென்டென்னியல் ஆகிய கல்லூரிகளில் இப்படிப்பு இருக்கிறது. டொரன்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டமாகவும் படிக்கலாம். படிப்பின் பெரும்பகுதி களப்பயிற்சி. முடித்தவர்கள் ‘குரூப் ஹோம்’ எனப்படும் சிறு இல்லங்களில் மட்டுமல்லாமல் பள்ளிகளிலும், மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், வீடற்ற இளையோர் தங்குமிடங்களிலும் வேலை பெறுகிறார்கள். குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். இரவு வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், சமூகப் பணியாளருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தொழில்முறைக் காப்பு (பதிவு பெற்றவரே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம் என்ற உரிமை) போன்ற ஒன்றை இல்லப் பணியாளர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். மகளை இந்தக் கோடையில் ஏதேனும் சிறுவர் முகாமில் தன்னார்வலராகச் சேர்த்துவிடுங்கள். எட்டு மணி நேரம் பிள்ளைகளோடு இருந்து வீடு திரும்பும் மாலைகளில் அவள் முகத்தைப் பாருங்கள். உறவினர்களிடம் கேட்பதைவிட அது உங்களுக்குத் தெளிவைத் தரும்.

நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் 11 ஆண்டுகளாக இல்லத்தாயாக இருக்கிறேன். பயிற்சி என்று எதுவும் பெற்றதில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தினமும் சாப்பாட்டைத் திருடித் தலையணைக்கு அடியில் வைக்கிறான், எறும்பு மொய்க்கிறது. கேட்டால் காது கூசும் வார்த்தைகளால் திட்டுகிறான். அடிக்கக் கூடாது என்கிறார்கள். பிறகு என்னதான் செய்வது?
— ஓர் இல்லத்தாய், மதுரை

அம்மா, உங்கள் கடிதத்தில் ‘திருடி’ என்ற சொல்லை மட்டும் முதலில் எடுத்துவிடுவோம். அவன் பங்கு இட்லியை அவன் எடுத்து வைக்கிறான். நாளைக்கு இட்லி கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள், நான் அறிவேன். அவன் வயிறு இன்னும் அறியவில்லை. பட்டினி கிடந்து வந்த பிள்ளைகளில் பலர் இதைச் செய்வார்கள். டொரன்டோவில் நான் பார்த்த பையன் ரொட்டித் துண்டுகளை மெத்தை உறைக்குள் வைத்தான். நாங்கள் தேடிப் பறிமுதல் செய்த வரையில் அவன் ஒளிக்கும் இடங்கள்தான் பெருகின. பிறகு மூடியுள்ள டப்பா ஒன்றை அவனுக்கே கொடுத்து, அதில் அவன் பெயரை எழுதி, “இது உன்னுடையது, குறைந்தால் நாங்கள் நிரப்புவோம்” என்று சொன்னோம். ஒவ்வோர் இரவும் தூங்கும் முன் அவன் அதைத் திறந்து எண்ணினான். ஏறக்குறைய இரண்டு மாதம் எண்ணினான். ஒருநாள் அந்த டப்பாவைப் பள்ளிப் பேருந்தில் மறந்து வைத்துவிட்டு வந்தான். அன்று பணியாளர் அறையில் நாங்கள் பட்ட மகிழ்ச்சி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உங்கள் பையனுக்கு ஓர் எவர்சில்வர் டப்பாவில் பொட்டுக்கடலையோ பிஸ்கட்டோ போட்டுக் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளும் கேட்பார்கள். முடிந்தால் அவர்களுக்கும் கொடுங்கள்.

திட்டுவதைப் பற்றி: கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஆங்ளின், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 10 இல்லங்களுக்குள் சென்று, அங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்து, 2002-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ‘அடங்காத’ பிள்ளைகளின் நடத்தைக்கு அடியில் ஆழ்ந்த மன வலி இருக்கிறது. பணியாளர்களோ வலியைப் பார்க்காமல் நடத்தையை மட்டும் அடக்க முயல்கிறார்கள். அதனால் வலி கூடுகிறது என்பது அவர் கண்டதன் சாரம். பல் வலியில் கத்தும் பிள்ளையை நாம் அடிப்பதில்லை. இந்த வலிக்கு வீங்கிய கன்னம் இல்லை என்பதால் நமக்குத் தெரியாமல் போகிறது. அவன் திட்டும்போது நீங்கள் பதில் திட்டாமல், அறையைவிட்டுப் போகாமல், சற்றுத் தள்ளி நின்று, “கோபமாய் இருக்கிறாய், நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருந்து பாருங்கள். ஒரே நாளில் மாறாது. முதல் சில வாரங்கள் அவன் உங்களைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே கூடுதலாகத் திட்டவும் செய்வான்.

அடிப்பதைச் சட்டம் தடுத்திருப்பது உண்மை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு, இல்லத்தில் பணியாற்றுபவர் குழந்தையை ஒழுங்குபடுத்தும் நோக்கில் உடல் தண்டனை தந்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் என்கிறது. மறுமுறை செய்தால் மூன்று மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். அடிக்காதே என்று சொல்லும் அரசு, அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் கடமைப்பட்டது. அதே சட்டத்தின்கீழ் வந்த 2016 மாதிரி விதிகள் 100 குழந்தைகளுக்கு நான்கு இல்லத்தாய்மார் என்று கணக்கிடுகின்றன. ஷிஃப்ட் பிரித்தால் ஓர் இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் விழித்திருக்கிறார் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆகவே உங்கள் கண்காணிப்பாளரிடம் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகப் பயிற்சி வேண்டும் என்பது ஒன்று. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ‘சம்வாத்’ அமைப்பு குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். அந்தப் பையனின் தனிநபர் பராமரிப்புத் திட்டம் தயாராகும் கூட்டத்தில் நீங்களும் உட்கார வேண்டும் என்பது மற்றொன்று. எறும்பு மொய்க்கும் தலையணையைப் பற்றி அங்கே உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

சமூகப் பணித் துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். இத்தொழிலை முன்னெடுத்துச் சென்ற ஆசிரியர்கள், பணியாளர்கள் யார் யார்? ஒரு விருப்பப் பாடத்துக்குத் திட்டம் வரைகிறேன்.
— விரிவுரையாளர், திருச்சி

இத்தொழிலில் ஆசிரியர் ஒரு பக்கம், பணியாளர் ஒரு பக்கம் என்று பிரித்துப் பெயர் சொல்வது கடினம். இதற்குச் சொல்லத்தக்க கருத்தைத் தந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர்கள்.

முதல் உலகப் போர் முடிந்த ஆண்டில், ஆஸ்திரியாவின் ஓபர்ஹோலாப்ரூனில், ஆகஸ்ட் ஐக்ஹார்ன் என்ற பள்ளி ஆசிரியர் வழிதவறிய இளையோருக்காக ஓர் இல்லம் தொடங்கினார். யாராலும் வைத்திருக்க முடியாத 12 முரட்டுப் பையன்களைத் தனிக் குழுவாக்கி, ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, அவர்கள் மேசை நாற்காலிகளை உடைத்தபோதும் பதிலுக்குச் சீறாமல் பொறுத்திருந்தார். எதிர்ப்பைத் தேடிய முரட்டுத்தனம் எதிர்ப்புக் கிடைக்காமல் அழுகையாக மாறியதை அவர் பதிவு செய்திருக்கிறார். அவர் வழியில் பயின்ற ஃபிரிட்ஸ் ரெடல் அமெரிக்கா சென்று, 1946 முதல் 1948 வரை டெட்ராய்ட்டில் ‘பயனியர் ஹவுஸ்’ என்ற சிறிய இல்லத்தை நடத்தினார். பணமில்லாமல் அது மூடப்பட்டது. அந்தக் குறுகிய காலத்தில் டேவிட் வைன்மனோடு சேர்ந்து அவர் எழுதிவைத்த குறிப்புகள்தாம், சண்டை நடந்த இடத்திலேயே, நடந்த சூட்டிலேயே குழந்தையோடு பேசும் முறைக்கு அடிப்படையாயின. ஜெர்மனியில் பிறந்து சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஹென்றி மையர், குழந்தையும் பெரியவரும் ஒரே தாளத்துக்கு வருவதைப் பற்றி எழுதினார். பந்தை மாறி மாறி எறிவது, அடி மாறாமல் சேர்ந்து நடப்பது போன்றவற்றில்தான் உறவு ஊன்றுகிறது என்றார். தாலாட்டும் தட்டாமாலையும் வைத்திருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கனடாவின் தாம் கார்ஃபட்டும் அவரோடு எழுதிய லியோன் ஃபுல்ச்சரும் உறவை மையமாகக் கொண்ட பராமரிப்பின் 25 இயல்புகளைத் தொகுத்தார்கள். இன்று பல நாடுகளில் முதலாண்டு மாணவர் கையில் கிடைப்பது அதுதான். டொரன்டோவில் கியாரஸ் கராபாகி, ஒன்டாரியோ இல்லங்களின் நிலையை ஆராய அரசு அமைத்து 2016-இல் அறிக்கை தந்த மூவர் குழுவில் ஒருவராக இருந்தார்.

ஆனால் உங்கள் பாடத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் நான் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவைச் சொல்வேன். போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரில் புகழ்பெற்ற குழந்தை மருத்துவரை உலகம் அறியும். 1912-இல் வார்சாவின் குரோக்மல்னா தெருவில் அவர் தொடங்கிய யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நாள்தோறும் நடத்தியவர் வில்சின்ஸ்கா. 1923 முதல் அங்கே ‘பர்சா’ என்ற ஏற்பாடு இருந்தது. வசதியற்ற இளம் மாணவர்கள் இல்லத்திலேயே தங்கி உணவு பெற்று, அதற்கு ஈடாக நாள்தோறும் சில மணி நேரம் பிள்ளைகளோடு வேலை செய்து, இத்தொழிலைக் கற்றார்கள். ஒவ்வொருவரும் தம் நோட்டுப் புத்தகத்தில் அன்று கண்டதையும் தமக்குப் புரியாததையும் எழுதுவார்கள். வில்சின்ஸ்கா அதை இரவில் படித்துப் பதில் எழுதிவைப்பார். 1939-இல் பாலஸ்தீனத்தில் கிபுட்ஸ் எனப்படும் யூதக் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு ஒன்றில் பாதுகாப்பாக இருந்த அவர், போர் மேகம் சூழ்ந்த வார்சாவுக்கே திரும்பினார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை டிரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது கோர்ச்சாக்கோடு அவரும் போனார், இருவரும் திரும்பவில்லை.

அந்த நோட்டுப் புத்தக முறையை நான் என் வகுப்பில் கடைப்பிடித்தேன். ஒவ்வொரு ஷிஃப்டுக்குப் பிறகும் ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆறு வாரமாகத் தன்னோடு ஒரு சொல்கூடப் பேசாத பையனைப் பற்றி ஒரு மாணவி எழுதிய பக்கத்தின் முதல் வரி, “இன்று அவன் என்னிடம் உப்பு கேட்டான்” என்பது. ஓரத்தில் நான் எழுதியது, “உப்பை எப்படிக் கொடுத்தாய்?” அந்தக் கேள்விக்கு அவள் மறுவாரம் மூன்று பக்கம் எழுதி வந்தாள்: கையை நீட்டினாளா, மேசைமேல் தள்ளினாளா, அவன் முகத்தைப் பார்த்தாளா, பார்க்காமல் விட்டாளா என்று. உங்கள் பாடத்திட்டத்திலும் இதற்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். பக்கத்து இல்லத்தின் இல்லத்தாய் ஒருவரைச் சிறப்பு விரிவுரையாளராக அழைத்து, பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் தாருங்கள். நீங்களும் மாதம் ஓர் இரவு, உரிய அனுமதியோடு, அங்கே போய் இருங்கள்.

இத்தொழிலை அரசு முழுமையாக அங்கீகரித்த நாடு ஏதேனும் உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

தென்னாப்பிரிக்காவைச் சொல்லலாம். அங்கே இத்தொழில் செய்பவர் சமூக சேவைத் தொழில்களுக்கான தேசிய மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மன்றத்துக்குள் இதற்கெனத் தனி வாரியம் இருக்கிறது. பட்டம் பெற்றவருக்கு ஒரு நிலை, துணைப் பணியாளருக்கு ஒரு நிலை என்று இரண்டு படிகள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்பும் இருக்கிறது.

அந்த அங்கீகாரம் மேலிருந்து இறங்கி வந்ததல்ல. 1975-இல், நிறவெறி ஆட்சியின் நடுவே, இல்லப் பணியாளர்கள் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். அதை வளர்த்தவர்களில் பிரையன் கேனன் முதன்மையானவர். பின்னர் மெர்லே ஆல்சாப், செனி தம்படு போன்றோர் அதை முன்னெடுத்தார்கள். எய்ட்ஸ் நோய் பெற்றோரை வாரிக்கொண்டு போய், 14 வயது அக்காள் குடும்பத் தலைவியாகி, தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கிப் போடும் வீடுகள் ஊர்தோறும் பெருகிய நேரத்தில், அந்தச் சங்கம் ‘இசிபிண்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை இல்லத்துக்குக் கொண்டு வராமல், பணியாளர் பிள்ளைகளின் வீட்டுக்குப் போனார். அதே ஊரில் வேலையில்லாமல் இருந்தவர்களை, பெரும்பாலும் பெண்களை, தேர்ந்தெடுத்து, வேலை செய்துகொண்டே படிக்க வைத்தார்கள். சமையல் வேளையில் போய் உடனிருந்து சமைப்பது, வீட்டுப்பாடம் பார்ப்பது, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, மாலையில் பிள்ளைகள் அச்சமின்றி விளையாட ஓர் இடத்தைக் காவல் காப்பது ஆகியவை அவர்கள் வேலை. பிறகு அரசின் சமூக வளர்ச்சித் துறை இதை நாடளாவிய திட்டமாக எடுத்து, 10,000 பேருக்குப் பயிற்சி தர முன்வந்தது.

இசிபிண்டி என்றால் சூலு மொழியில் துணிவு. ஈரல் என்றும் பொருள் உண்டு. ஈரக்குலை நடுங்கியது என்று நாம் அச்சத்துக்குச் சொல்வதைப் போல அவர்கள் துணிவையும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் நான் மதிப்பது, படித்தவர்கள் ஊருக்குள் வந்து சேவை செய்தார்கள் என்பதையல்ல. ஊர்ப் பெண்களே படித்தவர்களானார்கள் என்பதைத்தான். நம் மாவட்டங்களில் அங்கன்வாடியை நடத்திக் காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். இதையும் அவர்களால் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் இல்லத்தில் குழந்தைகள் குழு இருக்க வேண்டும் என்று விதி. பதிவேட்டில் கூட்டம் நடந்ததாக எழுதுகிறோம். உண்மையில் பிள்ளைகளைப் பேச விட்டால் கட்டுப்பாடு போய்விடாதா?
— கண்காணிப்பாளர், சேலம்

உண்மையை எழுதியதற்கு நன்றி. கோர்ச்சாக்கின் இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. அந்த வாரத்தில் தம்மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுப்பார்கள். அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிக்கும் பிரிவுகளே. பெரியவர்மீதும் வழக்குப் போடலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை தாமே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். ஒரு பையனின் காதில் அறைந்தது அவற்றில் ஒரு வழக்கு. அந்த இல்லத்தில் கட்டுப்பாடு போகவில்லை. பெரியவரும் விதிக்கு உட்பட்டவர் என்பதைப் பிள்ளைகள் நேரில் கண்டார்கள்.

நம் விதிகளும் 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயதுவாரியாகக் குழுக்கள் அமைக்கச் சொல்கின்றன. பெரிதாக எதையும் தொடங்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் ஒன்றை அந்த வாரமே செய்துகொடுங்கள். முடியாத ஒன்றை ஏன் முடியாது என்று சொல்லுங்கள். இரண்டையும் பிள்ளைகளில் ஒருவரையே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆண்கள் இவ்வேலைக்குப் பொருந்துவார்களா?
— இளைஞர், யாழ்ப்பாணம்

பொருந்துவார்கள், மிகவும் தேவைப்படுகிறார்கள். ஆண் என்றாலே அடிப்பவர் என்று கண்டு வந்த பிள்ளை, மீன் பொரிக்கும், சட்டைக்குப் பொத்தான் தைக்கும், கோபம் வந்தும் கை ஓங்காத ஆணை அருகில் இருந்து பார்க்க வேண்டும். அதே நேரம், பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகளும், உங்களைப் பற்றிய பின்னணி விசாரணையும், தனியே இருக்கக் கூடாத நேரங்களும் இடங்களும் உங்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். அவற்றால் மனம் புண்படாதீர்கள். பிள்ளைகள் அனுபவித்ததன் விளைவாக எழுதப்பட்ட விதிகள் அவை.

நான் ஏழு வயது முதல் இல்லத்தில் வளர்ந்தவன். வயது 20. பிற்காப்பில் (18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறியவர்களுக்கான அரசு உதவியில்) இருக்கிறேன். என்னைப் போன்றவர் இத்தொழிலுக்கு வரலாமா? “உன் காயமே ஆறவில்லை, நீ எப்படி அடுத்தவரைப் பார்ப்பாய்?” என்று ஒருவர் கேட்டுவிட்டார்.
— வாசகர், விழுப்புரம்

தம்பி, 2011 நவம்பரில் ஒன்டாரியோவின் சட்டமன்றக் கட்டடத்தில், அரசுப் பராமரிப்பில் வளர்ந்த இளையோர் தாங்களே ஒழுங்குசெய்து விசாரணை நடத்தினார்கள். அமைச்சர்களும் அதிகாரிகளும் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். 18 வயதில் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மறு ஆண்டு அவர்களே அறிக்கை எழுதினார்கள். மே 14-ஆம் நாளைப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் நாளாக மாகாணம் சட்டமியற்றி ஏற்றுக்கொண்டது. 2023 முதல் ஒன்டாரியோவில், பராமரிப்பைவிட்டு வெளியேறும் இளையோருக்கான உதவி 23 வயது வரை நீண்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் எழுதியும் அசையாததை அவர்கள் இரண்டு நாட்களில் அசைத்ததை நான் அந்த ஊரில் இருந்து கண்டவள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், வாருங்கள் என்பதுதான்.

உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வியையும் நான் ஒதுக்கமாட்டேன். இல்லத்துக்குப் புதிதாக வரும் ஏழு வயதுப் பையன் முதல் இரவில் அழும்போது, அவன் அழுகையும் உங்கள் காதில் விழும், உங்கள் பழைய அழுகையும் விழும். எந்த அழுகை யாருடையது என்று பிரித்தறிய உதவும் மேற்பார்வையாளர் ஒருவர் உங்களுக்கு வேண்டும். இது இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமான தேவையல்ல. நல்ல வீட்டில் வளர்ந்த எனக்கும் 19 ஆண்டுகளும் வாரம் ஒரு மணி நேரம் அப்படி ஒருவர் முன் உட்கார வேண்டியிருந்தது. வேலைக்குச் சேரும் இடத்தில் சம்பளத்தைக் கேட்கும் முன், வாரம் எத்தனை மணி நேரம் மேற்பார்வை கிடைக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி புரியாமல் விழிக்கும் இல்லத்தில் முதல் வேலையை எடுக்காதீர்கள்.

பிற்காப்பு உதவி பொதுவாக 21 வயது வரையும், தேவை இருந்தால் 23 வரையும் நீளும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பட்டப் படிப்பைத் தொடர விரும்புவதாகக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இந்த மாதமே எழுதி, கடிதம் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், உங்கள் இல்லத்துச் சமையல்காரர் அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு தோசை வார்த்துக் கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கை நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பார்கள். அப்போது அந்தத் தோசையைப் பற்றிச் சொல்லுங்கள்.